பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார்



முதலாம் இராசராச சோழன் கி.பி. 985-ஆம் ஆண்டில் முடிசூடினான் என்று பாடப் புத்தகத்தில் படிக்கின்றோம், தேர்வில் எழுதுகின்றோம், மதிப்பெண்ணும் பெறுகின்றோம். ஆனால் அந்த ஆண்டைக் கண்டுபிடித்தவர் யார், எவ்வாறு கண்டுபிடித்தார் என்று ஆசிரியரிடம் கேட்கும் மாணவர் ஆயிரத்தில் ஒருவர் இருப்பரோ என்பது ஐயமே. சோழர் கல்வெட்டு எதிலும் 985 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கவில்லை. 'இன்ன மன்னர்க்கு யாண்டு இத்தனையாவது' என்றுதான் கல் பேசும். சிற்சில கல்வெட்டுக்கள் மட்டும் அதனோடு மாதத்தையும், பிறையின் பக்கத்தையும், கிழமையையும், நாள்மீனையும் சேர்த்துச் சொல்லும். அந்தச் சிலவற்றை வானநூற் கணக்கோடு ஒப்பிட்டு, கீல்ஹார்ன் என்னும் ஜெர்மானிய அறிஞர், இராசராசன் ஆட்சி 985-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதிக்கும் ஜூலை மாத இறுதிக்கும் இடைப்பட்ட ஒரு நாளில் தொடங்கியிருத்தல் வேண்டும் என்று முடிவு கண்டார். நாம் ஒரு வரியில் படித்து முடிக்கும் செய்திக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கின்றது.

இத்தகைய ஆயிரம் ஆயிரம் துண்டுச் செய்திகளை ஒன்றோடொன்று இணைத்து, தென்னாட்டுக்குத் தொடர்ச்சியான வரலாறு ஒன்றை அமைத்துத் தந்தவர்களுள் தலைமையானவர் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். அவருடைய வாழ்க்கையையும் பணியையும் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். அவரைப் போற்றுவது மட்டும் என் நோக்கமன்று. அவர் செய்ததையும் அவர் செய்யாது விட்டதையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால்தான் ஒரு நாட்டின் வரலாறு எப்படி எழுதப்படுகின்றது என்பது விளங்கும்.

சாஸ்திரியார் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில், தெலுங்கு பேசும் குடும்பம் ஒன்றில் பிறந்தார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, எம்.ஏ. தேர்வில் மாகாணத்திலேயே முதல்வராகத் தேறினார். 1913 முதல் 1918 வரை தாம் படித்த திருநெல்வேலிக் கல்லூரியிலேயே விரிவுரையாளராக இருந்தார். அப்பால் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள். அதன் பின்னர்ச் சிதம்பரத்தில், பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்த கல்லூரியின் முதல்வர் பதவி. 1929-ஆம் ஆண்டில் நம் திருச்சிராப்பள்ளி தேசீயக் கல்லூரிக்கு வரலாற்றுப் பேராசிரியராக வந்தார். நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்த இரயில்வே தொழிற்சாலை பொன்மலையில் வேரூன்றிக்கொண்டிருந்த காலம் அது. திருச்சி அவரை நெடுநாள் வைத்துக்கொள்ளக் கொடுத்து வைக்கவில்லை. அதே ஆண்டிலேயே, டாக்டர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் வகித்து வந்த சென்னைப் பல்கலைக்கழக இந்திய வரலாறு, தொல்லியல் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. 1946 வரை, பதினேழு ஆண்டுகள், அப்பதவியில் இருந்தார். அவருடைய பெரும்பணி நிகழ்ந்தது அப்பொழுதுதான்.

அக்காலத்தில் இந்திய வரலாறு என்றால் கங்கைச் சமவெளியின் வரலாறு என்றே பொருள். தெற்கு என்பது நூலின் கடைசியில் வரும் ஒரு சிறு இயல். கிருஷ்ணை, காவிரி, வைகை ஆற்றுப் படுகைகளிலிருந்தே இந்திய வரலாற்றைத் தொடங்குதல் தகும் என்று மனோன்மணீயம் ஆசிரியர் சுந்தரம் பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கூறிச் சென்றார். சொல்வது எளிது, எழுதச் சான்று வேண்டுமே! அச்சான்றுகள் கோயிற் சுவர்களில் இருந்தன. 1887-ஆம் ஆண்டு முதல் ஹூல்ட்ஷ் என்பவரும், அவர் வழியில் வெங்கையா முதலிய நம்மவர்களும் ஊர் ஊராகச் சென்று கல்வெட்டுக்களைப் படியெடுத்து வந்தனர். படியெடுக்கும் முறையை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. சுவரில் படிந்திருக்கும் சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை எழுத்தின்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்தில் தாள் பதியுமாறு தூரிகையால் தட்டுவர். ஈரம் உலரும் பதத்தில் மை ஒற்றுவர். பள்ளமான எழுத்துக்கள் வெள்ளையாகவும் சுற்றியுள்ள இடம் கருப்பாகவும் தாளில் தோன்றும். அதனை உரித்தெடுத்துச் சுருட்டிச் சென்னைக்கு அனுப்புவர். வெயிலில், சாரத்தின் மேல் நின்று, வௌவால் நாற்றத்துக்கு நடுவே செய்யும் வேலை அது. அப்படி எடுத்தவர்களுள் பெரும்பாலோர் பெயரை இன்று எவரும் அறியார்.

இவ்வாறு திரண்டு கிடந்த ஆண்டறிக்கைகளையும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளையும் சாஸ்திரியார் வரிவரியாகப் படித்தார். 1929-இல் பாண்டியப் பேரரசைப் பற்றிய நூல் வெளிவந்தது. 1932-இல் சோழர் வரலாறும் ஆட்சிமுறையும் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களை ஆராயும் பகுதி அந்நூலில்தான் உள்ளது. 1935-ஆம் ஆண்டிலும் 1937-ஆம் ஆண்டிலும் 'சோழர்கள்' என்னும் பெருநூல் ஆங்கிலத்தில் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. ஒவ்வொரு மன்னன் காலத்துக் கல்வெட்டுக்களையும் ஆண்டு வாரியாகத் தொகுத்து அந்நூலோடு சேர்த்திருந்தார். இதில் ஒரு பெருந்தன்மை உண்டு. 'என் முடிவை நம்பு' என்று கூறாமல், 'இதோ சான்றுகள், நீயும் பார்' என்று வாசகரிடமே ஆவணத்தை ஒப்படைத்துவிட்டார். பிற்காலத்தில் அவரை மறுத்தவர்கள் பலர் அவர் தொகுத்துத் தந்த சான்றுகளைக் கொண்டே மறுத்தனர்.

அவர் நூல்கள் கதை போல இனிக்கும் என்று நான் கூறமாட்டேன். நடை வறண்டது. அரசன் ஒருவன் வீரன் என்றோ கொடியவன் என்றோ எளிதில் சொல்லிவிடமாட்டார். மெய்க்கீர்த்தி ஒன்றில் நூறு நாடுகளை வென்றதாகப் புகழ்ந்திருந்தால், அவற்றுள் எத்தனை நாடுகளில் அம்மன்னனின் கல்வெட்டுக் கிடைக்கின்றது என்று பார்ப்பார். பொன்மலையில் வாழும் மாணவர் ஒருவர், இக்குன்றுக்கு இப்பெயர் ஏன் வந்தது, இங்கே பொன் இருந்ததா என்று அவரைக் கேட்டிருந்தால், 'இப்பெயர் முதன்முதலில் எந்த ஆவணத்தில் வருகின்றது என்று பார்த்து வா' என்று திருப்பி அனுப்பியிருப்பார் என்றே எண்ணுகின்றேன். அவர் ஆராய்ச்சி முறையைப் பற்றி மட்டுமே 1941-இல் தனி நூல் ஒன்று எழுதினார். அவர் நடத்திய துறையில் பயின்று வெளிவந்தவர்களுள் டாக்டர் சி. மீனாட்சி அம்மையாரும் ஒருவர். பல்லவர் காலத்து ஆட்சியையும் சமுதாய வாழ்வையும் பற்றி அவர் எழுதிய ஆய்வு நூல் 1938-இல் வெளிவந்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், இளம் வயதிலேயே அவர் காலமானார்.

சாஸ்திரியார் பிறந்த அதே 1892-ஆம் ஆண்டில், அதே ஆகஸ்டு மாதத்தில், மூன்று நாட்கள் கழித்து, கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பயத்தில் மற்றொரு குழந்தை பிறந்தது. அவர்தாம் தி. வை. சதாசிவ பண்டாரத்தார். கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாதவர். கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் இருபத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவர். விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்று கோயிற் சுவர்களைப் படித்தவர். 1930-இல் முதற் குலோத்துங்க சோழனைப் பற்றியும், 1940-இல் பாண்டியர் வரலாற்றைப் பற்றியும், பின்னர் மூன்று பகுதிகளாகப் பிற்காலச் சோழர் சரித்திரமும் எழுதினார். அனைத்தும் தமிழில். ஒரே காலத்தில், ஒரே கல்வெட்டுக்களைக் கொண்டு, ஒரே மன்னர்களைப் பற்றி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினார், மற்றவர் தமிழில் எழுதினார்.

இருவரும் மாறுபட்ட இடம் ஒன்றைச் சொல்கின்றேன். 'பொன்னியின் செல்வன்' படித்த மாணவர்களுக்கு இது சுவையாக இருக்கும். (அதன் ஆசிரியர் கல்கி, நம் திருச்சி தேசீய உயர்நிலைப் பள்ளி மாணவர்.) சுந்தர சோழனின் மூத்த மகனான ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். அவன் தம்பி அருள்மொழி உடனே பட்டம் பெறவில்லை. சிற்றப்பன் முறையினனான உத்தம சோழன் பதினைந்து ஆண்டுக் காலம் ஆண்டான். அவனுக்குப் பின்னரே அருள்மொழி இராசராசன் என்னும் பெயரோடு அரியணை ஏறினான். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் உள்ள கல்வெட்டு, இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டுக்குரியது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளான சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலானோரின் சொத்தும் அவர் உறவினரின் சொத்தும் பறிமுதலானதைப் பற்றிய அரச ஆணையை அது குறிப்பிடுகின்றது. அதற்கு மேல் அக்கல் ஒன்றும் சொல்வதில்லை. ஏன் கொன்றனர், எவர் தூண்டினர் என்பது அதில் இல்லை.

சாஸ்திரியார் இதனைத் திருவாலங்காட்டுச் செப்பேட்டோடு இணைத்துப் பார்த்தார். குடிமக்கள் வேண்டியும், சிற்றப்பன் அரசை விரும்புகின்றான் என்று கருதி அருள்மொழி ஒதுங்கினான் என்கின்றது செப்பேடு. உத்தமன் காலம் முழுவதும் குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை போலும்; ஆகவே அவனுக்கும் இக்கொலையில் தொடர்பு இருந்திருக்கலாம் என்று அவர் கருதினார். பண்டாரத்தார் இதனை ஏற்கவில்லை. கல்வெட்டுச் சொல்லாத பழியை ஓர் அரசன் மேல் சுமத்துவது எங்ஙனம்? ஒரு நிலத்தை விற்ற நாளைக் கொண்டு, குற்ற விசாரணை தொடங்கிய நாளை எவ்வாறு கணக்கிடுவது? எதையும் எளிதில் நம்பாத சாஸ்திரியார் இவ்விடத்தில் சான்றுக்கு மேல் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டார் என்பதே என் கருத்து. பட்டம் பெற்ற பேராசிரியரைப் பள்ளிக்கூடத் தமிழாசிரியர் ஒருவர் மறுக்க முடிந்தது. இருவருக்கும் பொதுவான அந்தக் கல் உடையார்குடியில் நின்றதே அதற்குக் காரணம்.

இனி மொழியைப் பற்றிய செய்திக்கு வருகின்றேன். 1915-ஆம் ஆண்டில் வங்காள வரலாற்றறிஞர் ஜதுநாத் சர்க்கார், இந்திய மொழிகளில் நல்ல வரலாற்று நூல்கள் இல்லையே என்று வருந்தி, வரலாற்றைத் தாய்மொழியில் எழுதவும் கற்பிக்கவும் வேண்டும் என்று கட்டுரை எழுதினார். அப்போது திருநெல்வேலியில் இளம் ஆசிரியராக இருந்த சாஸ்திரியார் பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதினார். வரலாற்றுப் பொருளைச் சொல்லத் தமக்குத் தமிழைவிட ஆங்கிலமே வசதியாக இருக்கின்றது என்பதும், தாய்மொழி அதற்கு இன்னும் போதிய வளம் பெறவில்லை போலும் என்பதும் அவர் கருத்து. புதுச்சேரியில் இருந்த பாரதியார் இதனைக் கண்டு சினந்து எழுதினார். மகாகவியின் சினத்துக்கு ஆளாகும் பேறு எல்லாப் பேராசிரியர்களுக்கும் கிடைப்பதில்லை!

சாஸ்திரியார் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிடலாகாது. ஆங்கிலத்தில் எழுதியதனால்தான் சோழர் பெயர் இலண்டனிலும் பாரிசிலும் ஜகார்த்தாவிலும் படிக்கப்பட்டது. ஸ்ரீவிஜயப் பேரரசைப் பற்றி 1949-இல் அவர் எழுதிய நூல் தமிழில் மட்டும் வந்திருந்தால், கடல் கடந்த நாட்டறிஞர் அதனை அறிந்திருப்பரோ என்பது ஐயம். ஆயினும் ஒரு முரண்பாட்டை மறைக்க இயலாது. 'தமிழில் வரலாறு சொல்ல வசதி போதாது' என்று எழுதியவர், தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவை பெரும்பாலும் தமிழ்க் கல்வெட்டுக்களே. நிலத்தின் எல்லை, வரியின் பெயர், வாரியத் தேர்தலின் விதி, குற்றத்தின் தண்டனை ஆகிய அனைத்தையும் ஐயத்துக்கிடமின்றிச் சொல்ல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழுக்கு வசதி இருந்தது. உத்திரமேரூர்ச் சபையார் குடவோலை முறையை எழுதிவைத்த தெளிவை இன்றைய சட்டங்களில் காண்பது அரிது. சங்க இலக்கியத்தைக் கையாளுகையில் சாஸ்திரியார் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் துணையை நாடினார் என்றும் கூறுவர். அறியாததை அறிந்தவரிடம் கேட்பது குறையன்று. ஆனால் அந்த அறிஞர் இருவரும் கூடிப் பேசியதன் பயன் தமிழ் மாணவனுக்கு ஆங்கிலத்தின் வழியாகவே வந்து சேர்ந்தது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவைப் பாருங்கள். 1963-ஆம் ஆண்டிலும்கூட, ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் டிரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு ஒன்றே உண்டு, எஞ்சியதெல்லாம் இருள் என்னும் கருத்துப்படப் பேசினார். அதற்கு முன்னரே தக்க விடை ஒன்று வெளிவந்திருந்தது. நைஜீரியாவில் 1917-இல் பிறந்த கென்னெத் ஒன்வுகா டிகே என்பவர், நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த வணிகத்தையும் அரசியலையும் ஆராய்ந்து 1950-இல் இலண்டனில் டாக்டர் பட்டம் பெற்றார். 1956-இல் அந்நூல் அச்சாயிற்று. ஆங்கிலேய அலுவலரின் ஏடுகளோடு நிற்காமல், கழிமுகத்து மக்களின் வாய்மொழி மரபையும் அவர் சான்றாகக் கொண்டார். நம் நாட்டில் கல் செய்த வேலையை அந்நாட்டில் பெரும்பாலும் முதியோரின் நினைவே செய்தது. டிகே தம் நாட்டில் ஆவணக் காப்பகத்தை அமைத்தார். இபாதான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் ஆனார். அவரும் ஆங்கிலத்திலேயே எழுதினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாய்மொழியும் ஏடும் நமக்கும் உண்டு. ஸ்ரீரங்கத்துக் கோயிலொழுகு அதற்கோர் எடுத்துக்காட்டு. 1323-ஆம் ஆண்டுப் படையெடுப்பில் கோயில் சூறையானதையும், அழகிய மணவாளப் பெருமானின் திருமேனியை அடியார்கள் மறைத்து எடுத்துச் சென்று ஊர் ஊராக அலைந்ததையும் ஒழுகு விரிவாகச் சொல்கின்றது. ஆயினும் ஆண்டுக் கணக்கில் அதனை அப்படியே நம்புதல் இயலாது. 1311-இலும் 1323-இலும் நிகழ்ந்த படையெடுப்புக்கள் பிற்கால நினைவில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஆனால் திருமேனி மீண்டு வந்த செய்தியைக் கோயிற் கல்வெட்டே சொல்கின்றது. விசயநகரத்துத் தலைவனான கோபணன் திருமலையிலிருந்து செஞ்சி வழியாகப் பெருமானை எழுந்தருளச் செய்தான். ஆண்டு சகம் 1293, அதாவது 1371. கல் ஆண்டைத் தருகின்றது; ஒழுகு அந்த அலைச்சலைத் தருகின்றது. இரண்டில் ஒன்றை எறிந்துவிட்டால் கதை பாதியாகிவிடும். ஸ்ரீரங்கம் கோயிலில் அறுநூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுக்கள் உள்ளன. அவற்றைக் கடந்து நாள்தோறும் எத்தனையோ பேர் செல்கின்றனர். நின்று எழுத்துக் கூட்டுபவர் மிகச் சிலர்.

ஓய்வு பெற்ற பின்னும் சாஸ்திரியார் ஓயவில்லை. 1952 முதல் 1955 வரை மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1955-இல் தென்னிந்திய வரலாறு முழுவதையும் ஒரே நூலாக வெளியிட்டார். 1957-இல் பத்மபூஷண் விருது பெற்றார். யுனெஸ்கோ துணையுடன் சென்னையில் அமைந்த மரபுப் பண்பாட்டு நிறுவனத்தின் இயக்குநராக 1957 முதல் 1972 வரை இருந்தார். 1975-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் மறைந்தார்.

அவர் வரைந்த சோழ அரசின் சித்திரம் பின்னர்ப் பெரிதும் கேள்விக்குள்ளாயிற்று. வலிமை மிக்க மைய அரசு, திறமை மிக்க அதிகாரிகள், அதனோடு தழைத்த ஊராட்சி என்பது அவர் கண்ட சோழநாடு. அமெரிக்க அறிஞர் பர்ட்டன் ஸ்டைன் 1980-இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்து, சோழ மன்னனின் நேரடி ஆட்சி சிறு வட்டத்துக்குள் அடங்கியது, நாடுகள் தம்மைத் தாமே ஆண்டுகொண்டன என்றார். அவர் மறுப்பு மறுபுறம் எல்லை கடந்தது என்று வேறு சிலர் கூறினர். ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமாவும் நம் பேராசிரியர் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுக்களில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் வரிகளையும் எண்ணிக் கணக்கிட்டு, ஊகத்துக்கு இடத்தைக் குறைத்தனர்.

கராஷிமா தம் ஆராய்ச்சியின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட ஊர்கள் நம் மாவட்டத்தவை. திருச்சிக்கு மேற்கே காவிரியின் தென்கரையில் அல்லூர், அதனை அடுத்து ஈசானமங்கலம். முன்னது வெள்ளாளர் ஊர், பின்னது பிரமதேயம். அல்லூரில் நிலத்தை ஊரார் கூட்டாக வைத்திருந்ததற்கான அடையாளம் தெரிகின்றது. ஈசானமங்கலத்தில் தனித்தனி உடைமை தெரிகின்றது. ஒரே வாய்க்கால் நீர் பாயும் இரண்டு ஊர்களில் இரண்டு வகை நில உரிமை! சோழநாடு முழுவதையும் ஒரே அச்சில் வார்த்துவிட முடியாது என்பதை டோக்கியோவிலிருந்து வந்த ஒருவர் அல்லூர்க் கோயிற் சுவரில் கண்டு சொன்னார். பொன்மலையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் அச்சுவரைப் பார்த்துத் திரும்பலாம்.

தென்னிந்திய வரலாற்று நூலின் தமிழாக்கத்தை 1960-களில் இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்டது. 'சோழர்கள்' பெருநூல் தமிழுக்கு வந்தது சாஸ்திரியார் காலமாகிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே. பண்டாரத்தார் 1960-ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்தார். அவருடைய பிற்காலச் சோழர் சரித்திரத்தின் மூன்றாம் பகுதி மறு ஆண்டில் அச்சேறியது. இப்பொழுது இரு நூல்களும் தமிழில் கிடைக்கின்றன. கல்லூரி நூலகத்தில் இரண்டையும் ஒருங்கே கேட்டு வாங்கி, உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றிய பகுதிகளை முதலில் படியுங்கள்.